ஐந்து மணிக்குப் புறப்பட்டால் அரைநாளில் அரண்மனை

காலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டாத பஸ்ஸில் பொலன்னறுவைக்குப் போகாதீர்கள். தாமதமாகிவிட்டதென்றால் பயணத்தை அடுத்த கிழமைக்கு மாற்றிவிடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் அந்த முதல் அரை மணித்தியாலத்தில்தான்.

மட்டக்களப்பில் இருபத்தொன்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பின்பும் பழைய மாணவர்கள், கோயில் மாதர் குழு, விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவினர் என்று யாராவது ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு பொலன்னறுவை அரண்மனைக்குப் போய்வருகிறேன். இதுவரை பதினாறு தடவை போயிருக்கிறேன். முதல் மூன்று தடவையும் முழுநாள் பயணம். அரண்மனை, பாறையில் வெட்டிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை, பிறகு மின்னேரியா யானைகள், அதற்குப் பிறகு தம்புள்ளை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினோம். இரவு பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் வகுப்பில், அரண்மனையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளை கூடப் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தடவை உச்சி வெயிலில் எங்களோடு வந்த ஒரு தாய் மயங்கி விழுந்தார். மர நிழலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன், இனி அரைநாள்தான் என்று. ஓர் அரண்மனை, அதன் பக்கத்தில் இருப்பவை, மதியச் சோற்றுக்கு வீடு. அந்த முடிவுக்குப் பிறகு வந்தவர்கள் பார்த்ததை இன்றைக்கும் எனக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து பொலன்னறுவை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், சில நாட்களில் இன்னும் கால் மணி கூடும். ஐந்துக்குப் புறப்பட்டால் ஏழேகாலுக்கு அங்கே இருக்கலாம். பத்தரைக்கு அங்கிருந்து கிளம்பினால் ஒரு மணிக்கு முன் வீடு. பதினொரு மணிக்குப் பிறகு அந்தச் செங்கல்லும் கருங்கல்லும் அடுப்புப்போல் கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்க வேண்டிய இடங்கள் பல அங்கே உண்டு. அதனால்தான் இந்தக் கணக்கு.

இன்னும் முன்னதாக, நாலு மணிக்கே புறப்படலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஓட்டமாவடியைத் தாண்டிப் புனானை, வெலிக்கந்தைப் பக்கம் போகும்போது வெளிச்சம் வந்திருக்க வேண்டும். அந்தக் காட்டுப் பாதையில் யானைகள் தெருவைக் கடக்கும். ஒரு தடவை, நல்ல பஸ் என்று நம்பி அமர்த்திய ஒன்று இருட்டோடு இருட்டாகப் புனானைக்கு அப்பால் நின்றுவிட்டது. மாற்றுச் சக்கரத்தில் காற்று இல்லை. முப்பத்தைந்து பேர், அதில் பாதி சிறுவர்கள். விடியும்வரை ஒருவரையும் இறங்க விடாமல் உள்ளேயே வைத்திருந்தேன். காட்டுக்குள்ளே கிளை முறியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு பஸ்ஸைப் பேசும்போதே மாற்றுச் சக்கரத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முற்பணம் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உரிமையாளர் முகம் சுளித்தால் வேறு பஸ் பாருங்கள்.

பஸ் பேசுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். இருபத்தைந்து பேருக்கு உட்பட்டால் ரோசா என்ற சிறிய பஸ் போதும், அதற்கு மேல் என்றால் பெரிய பஸ். பேசும் தொகையில் டீசல் அடக்கமா, சாரதியின் சாப்பாடு அடக்கமா, காத்து நிற்கும் நேரத்துக்குத் தனிக் காசு கேட்பாரா என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிழக்கு மாகாணத்திலிருந்து வடமத்திய மாகாணத்துக்குப் போகிறோம் என்பதால் அதற்கு வேண்டிய அனுமதிப்பத்திரம் பஸ்ஸுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தொகையை ஆட்களுக்குப் பிரிக்கும்போது இருக்கைகளின் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள். நாற்பது இருக்கை என்றால் முப்பத்திரண்டால் பிரியுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்களில் ஐந்தாறு பேர் கடைசி இரவில் காய்ச்சல், செத்தவீடு, கலியாணம் என்று நின்றுவிடுவார்கள். மிஞ்சும் காசு திரும்பும் வழியில் இளநீருக்கு ஆகும். குறைந்தால் உங்கள் கைக்காசு போகும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பௌர்ணமி நாளில் போகாதீர்கள். அது பௌத்தர்களுக்கு வழிபாட்டு நாள். வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு வருபவர்களுக்கு இடையே கூட்டமாகப் புகுந்து விளக்கம் சொல்வது மரியாதை அல்ல. மாரி மாதங்களையும் விட்டுவிடுங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் தெருவே தண்ணீருக்குள் போய்விடும். மாசி, பங்குனி மாதங்களின் காலை வேளைதான் எனக்குப் பிடித்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் போகலாம், ஆனால் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும்.

ஆட்களை ஏற்றும் இடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். கல்லடி, நகரத்தில் மணிக்கூட்டுக் கோபுரம், செங்கலடிச் சந்தி. வீட்டு வாசலில் வந்து ஏற்றுங்கள் என்று கேட்பவர்களுக்கு இடம் கொடுத்தால் ஆறு மணிக்கும் ஏறாவூரைத் தாண்ட மாட்டீர்கள். படுவான்கரையிலிருந்து வருபவர்கள் முதல்நாள் இரவே ஆரையம்பதியிலோ நகரத்திலோ உறவினர் வீட்டில் தங்கிவிடட்டும்.

எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். ஏறும்போதே அவற்றை வாங்கி ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள்கிறேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நாற்பது பேர் பைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டு நின்றால் அரை மணி போய்விடும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டிக்கெட் வேறு, அது டொலர் கணக்கில் வரும், சிறிய தொகை அல்ல. அங்கே போய் நின்று, “நான் மட்டக்களப்பில் பிறந்தவன்தானே” என்று வாக்குவாதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் இருப்பவரின் கையில் எதுவும் இல்லை. டிக்கெட் வாங்கும் இடம் பராக்கிரம சமுத்திரக் குளக்கட்டுக்கு அருகே உள்ள நூதனசாலையில் இருக்கிறது, அரண்மனை வாசலில் அல்ல. மலசலகூடமும் அங்கேதான். வயதானவர்களை அங்கேயே போய்வரச் சொல்லுங்கள், உள்ளே போனபின் அது சிரமம்.

காலைச் சாப்பாட்டை இடியப்பப் பார்சலாகக் கட்டிக்கொள்கிறோம். சம்பல் போதும், சொதி வேண்டாம், பஸ்ஸில் சிந்தும். வெலிக்கந்தையைத் தாண்டும்போது ஓடும் பஸ்ஸிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவோம். குமட்டல் வருபவர்களுக்குத் தேசிக்காய் ஒன்று கையில் இருக்கட்டும். சாப்பாட்டு மிச்சம் ஒரு துண்டு கூடப் பொலன்னறுவையில் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது. அங்குள்ள குரங்குகளுக்குப் பொலித்தீன் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும். வாழைப்பழப் பையை ஒரு சிறுமியின் கையிலிருந்து பறித்தபோது அவள் விரலில் நகம் பட்டுவிட்டது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் போத்தலைத் துணிப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உடையைப் பற்றி நான் கண்டிப்பானவள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வட்டதாகே என்ற வட்ட ஆலயம் போன்ற புனித இடங்களில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். காலுக்கு ஒரு சோடி காலுறை கொண்டுபோனால் சூடான கல்லில் நடக்க உதவும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். நம் கோயில் கருவறைக்கு முன் நாம் எதிர்பார்க்கும் அதே மரியாதைதான் இது.

பாதையிலும் பார்க்க இருக்கிறது. சித்தாண்டி முருகன் கோயிலடியில் பெரும்பாலும் எல்லோரும் கைகூப்புவார்கள், பஸ் நிற்காது. வாழைச்சேனையில் கடைகள் திறக்கும் நேரம். புனானையில் சிறுவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். ஆட்களை அடித்துத் தின்ற ஒரு சிறுத்தை இந்தக் காட்டில் இருந்தது. 1924இல் அதைச் சுட்டார்கள். அதன் பாடம் செய்த உடல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட இதற்கு எழுந்துவிடுவார்கள், எழுந்தபின் தூங்க மாட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது, பழைய இரும்புப் பாலத்தைக் காட்டுங்கள். ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன காலம் ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கான புதிய பாலம் 2007இல்தான் திறந்தது. என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாதை என்றால் சோதனைச் சாவடிகள்தான் நினைவு. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நடந்து, மீண்டும் ஏறினோம். அப்போது எத்தனையோ தடவை பொலன்னறுவையைக் கடந்து கொழும்புக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவையும் அரண்மனை பார்க்க இறங்கும் எண்ணம் வரவில்லை.

மன்னம்பிட்டிப் பாலத்திலிருந்து, பொலன்னறுவைக்குச் சற்று முன்னே வரும் கதுருவெல வரையான நேரத்தை வீணாக்காதீர்கள். வரலாறு சொல்ல வேண்டிய நேரம் அது. பஸ்ஸை விட்டு இறங்கியபின் யாரும் கேட்க மாட்டார்கள். கைபேசியும் குரங்கும் அவர்களை இழுத்துக்கொள்ளும். நான் மூன்று பெயர்களை மட்டும் சொல்கிறேன். சோழர், பராக்கிரமபாகு, மாகோன். ஆண்டுகளில் சிலவற்றை மட்டும். 993இல் இராசராசனின் படை அநுராதபுரத்தை அழித்தது. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். 1153 முதல் 1186 வரை பராக்கிரமபாகு ஆண்டான், நாம் பார்க்கப்போகும் அரண்மனை அவனுடையது. 1215இல் மாகோன் வந்தான். இவ்வளவு போதும். மீதியைக் கற்களே சொல்லும்.

உள்ளே நுழைந்ததும் முதல் நிறுத்தம் அரண்மனை. முதலில் ஏமாற்றமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூரை இல்லை, தங்கம் இல்லை, சிம்மாசனம் இல்லை. வானத்தைப் பார்த்து நிற்கும் செங்கல் சுவர்கள், அவ்வளவுதான். அரண்மனையின் பெயர் வைஜயந்த பிராசாதம். ஏழு மாடியும் ஆயிரம் அறையும் கொண்டது என்று சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் பாடுகிறது. இன்று எஞ்சியிருப்பது மூன்று மாடி உயரம் வரைதான். மேல் மாடிகள் மரத்தால் ஆனவையாக இருந்திருக்க வேண்டும். இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. நடு மண்டபத்துக்குள் எல்லோரையும் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சுவர் நெடுகிலும் ஒரே மட்டத்தில் சதுரக் குழிகள் தெரியும். மாடித் தளத்தைத் தாங்கிய உத்திரங்கள் செருகியிருந்த குழிகள் அவை. ஒரு வரிசை குழி என்றால் ஒரு தளம். “எத்தனை வரிசை?” என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். எண்ணி முடித்தவர்களின் முகத்தில் அரண்மனை தானாக எழும்பும். எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் ஒரு தடவை வந்திருந்தார். குழியின் அகலத்தைத் தன் சாணால் தூரத்திலிருந்தே அளந்து, எந்த அளவு மரம், எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பல ஆண்டு படிப்பித்தும் அப்படிச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் கூட்டத்தில் தச்சரோ மேசனோ இருந்தால் அவரையே பேச விடுங்கள்.

சுவரின் தடிப்பைக் காட்ட இரண்டு பேரைக் கைகளை விரித்து வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய மூன்று மீட்டர். உள்ளே சுவரோடு சுவராகக் கல்லால் ஆன படிக்கட்டின் மிச்சம் இருக்கிறது, அதில் ஏற விடாதீர்கள். சில இடங்களில் பழைய சாந்துப் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டவும் விடாதீர்கள்.

பிறகு எரிந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். செங்கல் உருகி, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இடம். அந்த நெருப்பு மாகனின் படை வைத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் அந்த இடத்தில் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சூளவம்சத்தின் மாகன், கலிங்கத்திலிருந்து பெரும்படையோடு வந்தவன், விகாரைகளைச் சிதைத்தவன், இருபத்தொரு ஆண்டு மக்களை வதைத்தவன். அவனையே நம் மரபு மாகோன் என்கிறது. நம் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, யாருக்கு முதல் மரியாதை என்ற ஒழுங்கை வகுத்தவன் மாகோன் என்றுதான் நாம் வழிவழியாகச் சொல்லிவருகிறோம். ஒரே மனிதன். இங்கே சாம்பல், அங்கே திருவிழா.

நாலு ஆண்டுக்கு முன் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பெத்தா, அதாவது பாட்டி, எங்களோடு வந்தார். எண்பதைத் தாண்டியவர். நான் சொல்லி முடித்ததும் அந்தக் கருகிய செங்கல்லுக்கு அருகே போய் நின்றார்.

“டீச்சர், நம்முடைய மாகோனா இதை எரித்தது?”

“அப்படித்தான் சொல்கிறார்கள், பெத்தா.”

“இதை எரித்த கையாலா நம் கோயிலுக்கு ஒழுங்கு வகுத்தான்?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நெடுநேரம் அங்கேயே நின்றார், மற்றவர்கள் சபா மண்டபத்துக்குப் போன பின்னும். அதற்குப் பிறகு நான் அழைத்துச் செல்லும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பெத்தாவின் கேள்வியைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிடுகிறேன். நீங்களும் விளக்கிவிட முயலாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை நேர அட்டவணையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாரதி ஹோர்ன் அடிப்பார்.

அரண்மனைக்கு எதிரே அரசனின் சபா மண்டபம். அடித்தளத்தில் மூன்று வரிசைச் சிற்பம்: கீழே யானைகள், நடுவே சிங்கங்கள், மேலே வாமனர்கள். யானைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று நிற்பதில்லை. “ஒரே மாதிரி நிற்கும் இரண்டு யானைகளைக் கண்டுபிடித்துக் காட்டு” என்று சிறுவர்களை விட்டுவிடுங்கள். சுற்றிச் சுற்றி வருவார்கள், உங்களுக்குப் பெரியவர்களோடு பேச நேரம் கிடைக்கும். படிகளின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிங்கங்கள் மீது ஏறி அமர்ந்து படம் எடுக்கும் ஆசை வரும், அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. அங்கிருந்து கிழக்கே மதில் வாசலைக் கடந்து படியிறங்கினால் குமார பொக்குண, அரச குளியல் தடாகம். முதலை வாய் போன்ற கல் தூம்புகளின் வழியே தண்ணீர் விழும்படி அமைத்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்க்கட்டும், மேலிருந்தே நன்றாகத் தெரியும்.

எட்டே முக்காலுக்கு மீண்டும் பஸ்ஸில் ஏறுங்கள். அடுத்த நிறுத்தம் தளதா மளுவ என்ற மேட்டுத் திடல். அதன் தெற்குப் பக்கத்திலேயே முதலாவது சிவன் கோயில் நிற்கிறது, பாண்டியர் பாணி, கல் பொருத்திய நேர்த்தியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கூரை போய்விட்டது. திடலுக்கு மேலே நெருக்கமாகப் பத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. நான் இரண்டைத்தான் நின்று காட்டுகிறேன். ஒன்று வட்டதாகே. அதன் வட்டமான அடித்தளமும் நாலு வாசலும் படியடியில் கிடக்கும் அரைவட்டச் சிற்பக் கல்லான சந்திரவட்டக்கல்லும் யாருக்கும் விளக்கம் இல்லாமலே பிடிக்கும். மற்றது வேளைக்காரர் கல்வெட்டு.

அட்டதாகே என்ற பழைய கட்டடத்துக்கு அருகே நிற்கும் பெரிய கற்பலகை அது. அதற்கு முன்னே நின்று, “இதை வாசிக்க முடியுமா?” என்று கேளுங்கள். முதலில் முடியாது என்பார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை ஓர் எழுத்தைப் பிடித்துவிடும், அடுத்த பிள்ளை இன்னொன்றை. தமிழ்! வேளைக்காரர் என்ற தமிழ்ப் போர்வீரர்கள், புத்தரின் புனிதப் பல் வைத்திருந்த ஆலயத்தைத் தங்கள் பொறுப்பில் காப்போம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழில் கொடுத்த உறுதிமொழி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. என் வகுப்பில் பாடநூலை வைத்து இதைச் சொன்னபோது தலையாட்டிய பிள்ளைகள், கல்லுக்கு முன்னே நின்றபோது பேச்சை நிறுத்திவிட்டார்கள். இருபது பேராவது விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பார்கள். கல்லைத் தொடாமல் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நிசங்கமல்லன் என்ற அரசனின் கல் புத்தகம் கிடக்கிறது, எட்டு மீட்டருக்கு மேல் நீளம். மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்த கல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டு நகருங்கள்.

கடைசி நிறுத்தம் இரண்டாவது சிவன் கோயில். மரங்களுக்கு இடையே தனியாக இருக்கிறது. சுற்றுலா பஸ்களில் பாதி அங்கே போவதில்லை. சாரதி, “அது சின்னக் கோயில், டீச்சர்” என்பார். “போவோம், தம்பி” என்று சொல்லிவிடுங்கள். வானவன் மாதேவி ஈசுவரம் என்று சோழ அரசி ஒருவரின் பெயரால் எழுந்த கோயில் அது. அதிராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு சுவரில் இருக்கிறது. அடியிலிருந்து சிகரம் வரை முழுவதும் கல். அதனால்தான் அரசனின் ஏழு மாடி எரிந்து விழுந்த ஊரில் இது முழுதாக நிற்கிறது. உள்ளே இலிங்கம் இருக்கிறது, வெளியே தேய்ந்துபோன நந்திகள்.

இந்த இடத்தில் நம் ஆட்களோடு நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். கற்பூரம் ஏற்ற வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம், மஞ்சள் பூச வேண்டாம். இது தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம். அதைவிட, எண்ணெயும் புகையும் பட்டுப் பட்டு எழுத்து மறைந்துவிட்டால் அந்தத் தமிழை நமக்கு யாரும் திருப்பித் தர முடியாது. பூ வைக்கலாம். கும்பிடலாம். போன மாசியில் மாதர் குழுவோடு போனபோது ஒருவர் மெல்லிய குரலில் தேவாரம் ஒன்று தொடங்கினார். உள்ளே நாலைந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வெளியே நின்றபடி சேர்ந்து பாடினார்கள். கல் கோபுரத்துக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் சைக்கிளில் வந்து நின்ற ஒரு வெளிநாட்டுச் சோடி தொப்பியைக் கழற்றிவிட்டு முடியும்வரை அசையாமல் நின்றது. இதற்காகக் கால் மணி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. பொலன்னறுவை மண்ணிலிருந்து எடுத்த நடராசரும் காரைக்காலம்மையாரும் இன்று நூதனசாலைகளில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கிறார்கள். அவர்கள் நின்ற ஊர் இதுதான் என்று அப்போது சொல்வேன்.

கல் விகாரையை இந்த அரைநாளில் சேர்க்காதீர்கள். அது அழகானது, உலகம் போற்றுவது. அதனாலேயே அதற்கென்று தனியாக ஒரு காலை வேண்டும். பதினைந்து நிமிடம் ஓடிப்போய்ப் படம் எடுத்துவிட்டு ஓடிவருவது அந்தச் சிலைகளுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. மின்னேரியாவும் அப்படித்தான். யாராவது பஸ்ஸுக்குள் கைதூக்கி வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினால், வீட்டில் மதியச் சமையல் காத்திருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

கூட்டம் இல்லாமல் தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு, மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து பொலன்னறுவை வழியாகப் போகும் பஸ்களில் ஏறலாம். கதுருவெலயில் இறங்கிவிடாமல் பழைய நகரம் வரை டிக்கெட் எடுங்கள். ரயிலும் போகிறது, ஆனால் ஸ்டேஷன் கதுருவெலப் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். அரைநாள் கணக்குக்கு அது ஒத்துவராது. உள்ளே சுற்ற வாடகைச் சைக்கிள் நல்லது.

பத்தரைக்குப் புறப்பட்டால் திரும்பும் வழியில் ஒரே ஒரு நிறுத்தம் வையுங்கள், தெருவோரத்தில் எருமைத் தயிர் முட்டி அடுக்கியிருக்கும் கடையில். முட்டியை வாங்குபவர்கள் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே தட்டில் வைத்த முட்டி புனானைத் திருப்பத்தில் ஒருவரின் தலையில் கவிழ்ந்திருக்கிறது. மிஞ்சிய காசில் எல்லோருக்கும் இளநீர். அதற்குப் பிறகு பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும், இப்போது சொல்ல ஒன்றும் இல்லை.

இறக்கும்போது ஏற்றிய வரிசையைத் தலைகீழாக்குங்கள், செங்கலடி முதலில், கல்லடி கடைசி. ஒவ்வொருவரும் இறங்கும் முன் அடையாள அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பெயரைச் சொல்லிக் கையில் கொடுங்கள். எல்லோரும் இறங்கியபின் பஸ்ஸுக்குள் ஒரு தடவை நடந்து இருக்கைகளுக்கு அடியில் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, குடை, ஒற்றைச் செருப்பு ஏதாவது இருக்கும். பிறகு சாரதிக்குப் பேசிய மீதித் தொகையைக் கொடுங்கள்.

அந்தக் கொக்கட்டிச்சோலைப் பெத்தா, அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கோயில் திருவிழா முடிந்ததும் தன் மகள்மாரையும் கூட்டிப்போக வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். இந்த ஆண்டு அவருடைய பேரப்பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மாசி மாதத்துக்கு ஒரு பெரிய பஸ் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டேன். ஐந்து மணி, கல்லடிப் பாலத்தடி.